செய்து பார்த்தால்தான் தெரியும்: சி.பி.டி. சிகிச்சை தருவதும் கேட்பதும்

மனநல மருத்துவர் மாத்திரைச் சீட்டை எழுதி முடித்துவிட்டு, “கூடவே சைக்காலஜிஸ்ட்டையும் பாருங்க, சி.பி.டி. எடுத்துக்கலாம்” என்று சொல்வது இன்று புதிதல்ல. சீட்டோடு வெளியே வருபவருக்கு அது என்னவென்று பெரும்பாலும் தெரிவதில்லை. கவுன்சலிங் என்றால் யாரோ ஆறுதல் சொல்வார், புத்தி சொல்வார், பாசிட்டிவாக நினைக்கச் சொல்வார் என்ற எதிர்பார்ப்போடு போகிறார். அங்கே கையில் ஒரு தாளைக் கொடுத்து, “இந்த வாரம் எந்த நேரத்துல என்ன செஞ்சீங்க, அப்ப மனசு எப்படி இருந்துச்சுன்னு எழுதிட்டு வாங்க” என்கிறார்கள். இதற்கா பணம் கட்டினோம் என்று இரண்டாவது முறை போகாமல் நின்றுவிடுபவர்கள் உண்டு.

சிகிச்சை எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்டிருந்தால் இந்த ஏமாற்றத்தில் பாதி குறைந்திருக்கும். சிந்தனை-நடத்தைச் சிகிச்சை எனப்படும் சி.பி.டி. எங்கிருந்து வந்தது, அமர்வுகளில் என்ன நடக்கும், எந்த அளவுக்குப் பலிக்கும், எங்கே பலிக்காது என்பவற்றைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். அறுபது ஆண்டு அனுபவத்தையும் ஆய்வுகளையும் அடுக்கிப் பார்க்கும்போது ஒரு முடிவு திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. அறைக்குள் பேசுவதைவிட, பேசியதை வெளியே செய்து பார்ப்பதில்தான் இந்தச் சிகிச்சையின் வலு இருக்கிறது.

இரண்டு ஓடைகள்

சி.பி.டி. இரண்டு ஓடைகள் கலந்து உருவானது. முதலாவது, அச்சம் எப்படிக் கற்றுக்கொள்ளப்படுகிறது, எப்படி மறக்கப்படுகிறது என்று ஆராய்ந்த நடத்தையியல். 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சின்னஞ்சிறுவனைப் பற்றி எழுதினார். பையன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலை அறையின் மறுகோடியில் வைத்தார்; நாளாக நாளாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தொட்டு விளையாடினான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்னாப்பிரிக்க ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜோசப் வோல்ப், போர் அதிர்ச்சிக்கு ஆளான வீரர்களுக்கு அன்றைய வைத்தியங்கள் போதவில்லை என்று கண்டு, அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் முறையை வகுத்தார். அது 1958இல் நூலாக வந்தது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர், ஓயாமல் கை கழுவுவது போன்ற சடங்குகளில் சிக்கிய நோயாளிகளை, அவர்கள் அசுத்தம் என்று அஞ்சியதைத் தொடவைத்து, பிறகு கழுவவிடாமல் தடுத்துக் குணம் காட்டினார். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கு இன்றும் முதன்மையாகத் தரப்படும் உளவியல் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இரண்டாவது ஓடை ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருந்த ஆரன் பெக், ஃபிராய்டின் வழியில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்ற அன்றைய கோட்பாட்டை நிரூபிக்க நினைத்து நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். அவர் தேடிய கோபம் கிடைக்கவில்லை. கனவுகளில் அவர்கள் தோற்றார்கள், இழந்தார்கள், கைவிடப்பட்டார்கள். விழித்திருக்கும்போது தம்மைப் பற்றி நினைத்ததும் அதுவே. ஒரு பெண் நோயாளி தன் அந்தரங்கங்களைச் சொல்லிக்கொண்டே பதறினார். சொல்லும் விஷயம்தான் பதற்றத்துக்குக் காரணம் என்று பெக் கருதினார். டாக்டருக்கு நான் சலிப்பூட்டுகிறேனோ என்ற பயம்தான் காரணம் என்றார் அந்தப் பெண். பேச்சுக்கு அடியில் இப்படி இன்னொரு பேச்சு சட்டென்று ஓடி மறைவதை பெக் கண்டுகொண்டார். கேட்காமலே வந்து நிற்கும் அந்தத் தானியங்கி எண்ணங்களைப் பிடித்து, அவை எவ்வளவு தூரம் உண்மை என்று நோயாளியோடு சேர்ந்து சோதிப்பதே அவருடைய முறை. 1979இல் மூன்று சகாக்களோடு எழுதிய மனச்சோர்வுச் சிகிச்சைக் கையேடு அதை உலகெங்கும் கொண்டுசென்றது. அதற்கு முன்பே நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ், நிகழ்வுக்கும் உணர்ச்சிக்கும் நடுவே நிற்கும் நம்பிக்கையைக் குறிவைத்து இன்னொரு முறையை வளர்த்திருந்தார். பெக் 2021இல், நூறு வயதில் காலமானார்.

முதல் அமர்வு முதல் கடைசி அமர்வு வரை

முதல் ஓரிரு அமர்வுகள் பெரும்பாலும் கேள்விகளில் கழியும். என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, தூக்கம், பசி, குடி, குடும்பம், வேலை, முன்பு எடுத்த மருந்து, தற்கொலை எண்ணம் எல்லாம் கேட்கப்படும். கடைசிக் கேள்வியைக் கண்டு திடுக்கிட வேண்டியதில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்கும் பி.ஹெச்.க்யூ-9 போன்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். அதை இடையிடையே திரும்பவும் நிரப்ப வைப்பார்கள். முன்னேற்றம் இருக்கிறதா என்று சிகிச்சையாளரின் மனப்போக்கை நம்பாமல் எண்ணைக் கொண்டு பார்ப்பதற்காக அது.

பிறகு பிரச்சினையின் வரைபடம் ஒன்றை இருவரும் சேர்ந்து போடுவார்கள். பஸ்ஸில் போகும்போது திடீரென நெஞ்சு படபடத்து, அதற்குப் பிறகு பஸ்ஸே ஏறாமல் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பேச்சு இப்படிப் போகலாம்:

“பஸ்ல உட்கார்ந்திருக்கும்போது என்ன ஆயிடும்னு தோணுது?”

“மயக்கம் போட்டு விழுந்துடுவேன்னு தோணுது மேடம்.”

“இதுவரைக்கும் எத்தனை தடவை விழுந்திருக்கீங்க?”

“விழுந்ததில்ல. அடுத்த ஸ்டாப்பிங்லயே இறங்கிடுவேன், அதனாலதான் தப்பிச்சேன்.”

“அப்ப இறங்காம உட்கார்ந்திருந்தா என்ன ஆகும்னு நாம இன்னும் பார்த்ததே இல்ல, இல்லையா?”

சி.பி.டி.யின் சாரம் இந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. படபடப்பு வருகிறது, அதை மயக்கத்தின் அறிகுறி என்று மனம் படிக்கிறது, பயம் கூடுகிறது, பயத்தால் படபடப்பு இன்னும் கூடுகிறது. டேவிட் கிளார்க் 1986இல் விளக்கிய பீதி நோயின் சுழல் இதுதான். பாதியில் இறங்குவதும், கதவோரமாகவே உட்காருவதும், தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்பாததும் பயத்தை அப்போதைக்குத் தணிக்கின்றன. ஆனால் பயம் பொய் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் சேர்த்தே பறித்துவிடுகின்றன. பீதியில் ரத்த அழுத்தம் பொதுவாகக் கூடுவதால் மயங்கி விழுவது அரிது என்று சிகிச்சையாளர் சொல்லலாம். சொன்னால் மட்டும் போதாது. தைராய்டு, இதயக் கோளாறு இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பின், அறையிலேயே வேகமாக மூச்சு விடவைத்து, அதே படபடப்பை வரவழைத்து, என்ன நடக்கிறது என்று இருவரும் பார்ப்பார்கள். அடுத்து ஒரு ஸ்டாப்பிங் தூரம், பிறகு நான்கு ஸ்டாப்பிங், பிறகு கூட்ட நேரம்.

அமர்வு பொதுவாக வாரம் ஒருமுறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். மனச்சோர்வுக்குப் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள் என்பது வழக்கமான அளவு. குறிப்பிட்ட ஒன்றைப் பற்றிய தனி அச்சங்களுக்கு இதைவிடக் குறைவே போதும். நாய், சிலந்தி போன்ற அச்சங்களை அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் தீர்க்கும் முறையை ஸ்வீடனின் லார்ஸ்-கோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்தார். ஒவ்வொரு அமர்வும் அன்றைக்குப் பேச வேண்டியதை இருவரும் முடிவுசெய்வதில் தொடங்கும். போன வார வீட்டுப்பாடத்தைப் பார்க்கும். புதிய வீட்டுப்பாடத்தோடு முடியும். தோள் இறுகிப்போனவருக்கு ஃபிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சியை வீட்டில் செய்தால்தானே கை உயரும், இதுவும் அப்படித்தான். வீட்டுப்பாடம் செய்கிறவர்களுக்குப் பலன் கூடுதல் என்பது ஆய்வுகளில் தொடர்ந்து தெரியவருகிறது. செய்ய முடியாமல் போனால் மறைக்கத் தேவையில்லை. எது தடுத்தது என்பதே அன்றைய அமர்வுக்கு நல்ல பொருளாகும்.

நோய்க்கு நோய் மாறும் வேலை

வேலை நோயைப் பொறுத்து மாறும். மனச்சோர்வில் முதலில் கை வைப்பது பெரும்பாலும் அன்றாட அட்டவணையில். மனசு சரியானால் எழுந்து வேலை பார்க்கலாம் என்று நோயாளி காத்திருப்பார். சிகிச்சை இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது: காலையில் தெருமுனை வரை நடப்பது, நின்றுபோன ஒரு தொலைபேசிப் பேச்சைத் தொடர்வது என்று சிறியதாகத் தொடங்கி, மனசு அதன் பின்னால் வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. எண்ணங்களை எழுதும் தாள் அடுத்து வரும். என்ன நடந்தது, அப்போது என்ன தோன்றியது, அதற்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது, வேறு எப்படிப் பார்க்கலாம் என்று கட்டம் கட்டமாக அது கேட்கும். இனிப்பு தடவிய நம்பிக்கைகளை எழுதும் இடமல்ல அது. “எனக்கு உண்மையிலேயே கடன் இருக்கிறது” என்பது மெய்யான எண்ணம் என்றால், அதை மாற்றப் பார்க்காமல் கடனைத் தீர்க்கும் வழிகளை வரிசைப்படுத்துவார்கள்.

ஓசிடியில் அஞ்சியதைத் தொட்டுவிட்டுக் கழுவாமல், பூட்டைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழக வேண்டும். முதல் சில வாரங்கள் பதற்றம் ஏறத்தான் செய்யும். சிகிச்சை கெடுதல் செய்கிறது என்று பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நாள்பட்ட தூக்கமின்மைக்குப் படுக்கையில் கிடக்கும் நேரத்தையே குறைப்பார்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடச் சொல்வார்கள். தொடக்கத்தில் பகல் முழுக்கக் கண் எரியும். ஆனாலும் தூக்க மாத்திரைக்கு முன்பே இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. விபத்து, வன்முறை, போர் ஆகியவற்றுக்குப் பின் வரும் அதிர்ச்சி நோயில், ஒதுக்கிவைத்த நினைவை ஒழுங்காகச் சொல்லிப் பார்ப்பது சிகிச்சையின் நடுப்பகுதி.

சான்றுகள் சொல்வது

மருந்தோடு போட்டியிட்ட முதல் ஆய்வு 1977இல் வந்தது. 41 மனச்சோர்வு நோயாளிகளில் பெக்கின் முறை, இமிப்ரமின் மாத்திரையைவிட நன்றாக வேலைசெய்தது. ஆய்வு முடியும் முன்பே மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள் என்ற குறையும் கூடவே எழுந்தது. 1989இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 250 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவுகள் உற்சாகத்தைக் கொஞ்சம் தணித்தன: லேசான நோயில் சிகிச்சைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை, கடுமையான நோயில் மாத்திரை முந்தியது. 2005இல் மிதமானது முதல் கடுமையானது வரை பாதிக்கப்பட்ட 240 பேரிடம் நடந்த ஆய்வில் பதினாறு வாரத்தில் பெக்கின் முறையும் மாத்திரையும் சமமாக வந்தன. ஆனால் அனுபவம் குறைந்த சிகிச்சையாளர்கள் இருந்த மையத்தில் மாத்திரையே முன்னால் நின்றது. யார் தருகிறார் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

அதே ஆய்வின் தொடர்ச்சி நோயாளிக்கு இன்னும் முக்கியமானது. குணமானவர்களை அடுத்த ஓராண்டு கவனித்தார்கள். மாத்திரையை நிறுத்தியவர்களில் 76.2 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது; பேச்சுச் சிகிச்சையை முடித்துக்கொண்டவர்களில் 30.8 விழுக்காட்டினருக்குத்தான் திரும்பியது. மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களைவிட அவர்கள் நிலை மோசமாக இல்லை. கற்றுக்கொண்ட பழக்கம் சிகிச்சை முடிந்த பிறகும் கூடவே இருக்கிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

அப்படியானால் எந்தப் பகுதி வேலைசெய்கிறது? 1996இல் நீல் ஜேக்கப்சனின் குழு சிகிச்சையைப் பிரித்துப் பார்த்தது. எண்ணங்களைத் தொடாமல் செயல்களை மட்டும் திரும்பத் தொடங்க வைத்த பிரிவினர், முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். எண்ணத்தை மாற்றுவது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. செய்து பார்க்கும்போது எண்ணமும் தானே நகர்ந்துவிடுகிறது என்று கொள்ளலாம்.

2023இல் பிம் கைப்பர்ஸும் சகாக்களும் 409 ஆய்வுகளை, 52,702 பேரின் முடிவுகளைத் தொகுத்தார்கள். மனச்சோர்வுக்கு சி.பி.டி. பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தன. ஒப்பீட்டுப் பிரிவில் 19 விழுக்காடு. குறுகிய காலத்தில் மருந்துக்குச் சமம், ஆறு மாதம் முதல் ஓராண்டில் மருந்தைவிட மேல். பிற உளவியல் சிகிச்சைகளைவிட அது தெளிவாக உயர்ந்தது என்று காட்ட முடியவில்லை. இந்த எண்களை இரு பக்கமும் பார்க்க வேண்டும். ஒப்பீட்டுப் பிரிவைவிட இரு மடங்குக்கு மேல் பலன். ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த எல்லையை எட்டவில்லை. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் லேயார்டும் டேவிட் கிளார்க்கும் வாதாடியதன் பேரில் இங்கிலாந்து அரசு 2008இல் தொடங்கிய இலவசப் பேச்சுச் சிகிச்சைத் திட்டமும் இதையே காட்டுகிறது: சிகிச்சையை முடிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நலமடைந்தவர்களாகக் கணக்காகிறார்கள்.

எங்கே போதாது

எழுந்து உட்காரவே முடியாத கடும் மனச்சோர்விலும், இருமுனை நோயிலும், மனச்சிதைவிலும் மருந்தின் இடத்தை இது பிடிக்க முடியாது, துணையாக நிற்கலாம். வளரிளம் பருவத்தினர் 439 பேரிடம் நடந்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஃபுளூவாக்ஸெடின் மாத்திரையோடு சி.பி.டி. சேர்ந்தபோது 71 விழுக்காட்டினர் தேறினார்கள், சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் 43 விழுக்காடு. மாத்திரையா, பேச்சா என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் பல நோயாளிகளுக்கு இல்லை.

இன்னொரு விமர்சனம் கொள்கை சார்ந்தது. அடிக்கும் கணவன், சம்பளம் தராத முதலாளி, சாதி பார்த்து ஒதுக்கும் தெரு ஆகியவற்றால் வரும் துயரத்தை எண்ணக் கோளாறு என்று நோயாளியின் தலையில் கட்டுவது அநீதி. நல்ல சிகிச்சையாளர் இதை அறிந்திருப்பார்; எண்ணம் உண்மையென்றால் சூழலை மாற்றும் வழியைத் தேடுவார், பாதுகாப்பைப் பேசுவார், வேண்டுமானால் சட்ட உதவிக்கு அனுப்புவார். கையேட்டை வரிக்கு வரி ஒப்பிப்பவர் தவறுவது இங்கேதான்.

ராவல்பிண்டி, கோவா, இலங்கை

படித்த நகரவாசிகளுக்கே இது சரிப்படும் என்ற ஐயத்தைத் தெற்காசிய ஆய்வுகள் பெருமளவு போக்கிவிட்டன. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், உளவியல் படிக்காத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் வீட்டில் போய்ப் பார்க்க வைத்தார் அத்திஃப் ரஹ்மான். 2008இல் வெளியான முடிவுப்படி, பிரசவத்துக்கு ஆறு மாதம் கழித்து, சிகிச்சை பெற்றவர்களில் 23 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 53 விழுக்காட்டினரும் மனச்சோர்வில் இருந்தார்கள். கோவாவில் விக்ரம் படேலும் சங்கத் அமைப்பும், செயல்களைத் திரும்பத் தொடங்க வைக்கும் எளிய முறையைச் சாதாரண ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் தந்தார்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். 2017இல் வந்த முடிவில் மூன்று மாதத்தில் 64 விழுக்காட்டினர் நோய் நீங்கியிருந்தார்கள், வழக்கமான கவனிப்பில் 39 விழுக்காடு.

இலங்கையின் அனுபவம் எச்சரிக்கையையும் சேர்த்துத் தருகிறது. போரிலும் சுனாமியிலும் அதிர்ச்சிக்கு ஆளான வடகிழக்குக் குழந்தைகள் 31 பேரிடம், முகாமிலேயே, உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. நடந்ததைக் கோவையாகச் சொல்லவைக்கும் முறையும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த முறையும் ஒப்பிடப்பட்டன. 2009இல் வெளியான முடிவில் இரண்டிலும் பெரும்பாலான குழந்தைகள் தேறினார்கள்; ஒன்று மற்றதை வெல்லவில்லை. காரணம் பிடிபடாத உடல் வலிகளோடு வரும் நோயாளிகள் 150 பேரிடம் அதுல சுமதிபால நடத்திய ஆய்வு 2008இல் வந்தது. பொறுமையாக, ஒழுங்குபடுத்திய முறையில் கவனித்த மருத்துவரைவிட சி.பி.டி. கூடுதலாக எதுவும் செய்யவில்லை. தலைப்பாரம், நெஞ்செரிச்சல், உடம்பு வலி என்றே துயரத்தைச் சொல்லும் நம்மைப் போன்ற சமூகங்களில், காது கொடுத்துக் கேட்கும் மருத்துவரே பாதி மருந்து என்பதற்கு இது ஆதாரம்.

இந்தியாவில் 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் மனநலக் கோளாறோடு வாழ்கிறார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை என்றும் சொன்னது. ராவல்பிண்டியும் கோவாவும் இந்த இடைவெளியை அடைக்க ஒரு வழி காட்டுகின்றன. இருபது அமர்வு தரும் நிபுணர் ஒவ்வொரு வட்டத்துக்கும் கிடைக்கப்போவதில்லை. எட்டு அமர்வில் எழுந்து நடக்க வைக்கும் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கிடைக்கலாம்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிகிச்சைக்குப் போகிறவர் முதல் நாளே சிலவற்றைக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவாகாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை வைத்திருப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா? என் பிரச்சினைக்கு ஏறக்குறைய எத்தனை அமர்வு ஆகும், ஒரு அமர்வுக்குக் கட்டணம் என்ன? முன்னேற்றத்தை எதை வைத்துப் பார்ப்போம்? பலன் தெரியாவிட்டால் எப்போது வழியை மாற்றுவோம்? மாத்திரை சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

அம்மாவோ கணவரோ கூடவே வந்து, “இவ எதையும் மனசுல போட்டு யோசிச்சுக்கிட்டே இருக்கா டாக்டர்” என்று தொடங்குவது நம் ஊரில் சகஜம். குடும்பம் உதவியாகவும் இருக்கலாம். ஓசிடியில் நோயாளிக்காகப் பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொடுத்து நோயை வளர்க்கவும் செய்யலாம். அதனால் அவர்களை ஓரிரு அமர்வுக்கு அழைப்பது உண்டு. தனியாகப் பேச வேண்டும் என்று நோயாளி கேட்கலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் ரகசியத்துக்கு உரிமை தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் அழுத்தும்போது அடுத்த அமர்வுக்குக் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் எண்ணும் இலவசமாகக் கிடைக்கின்றன.

நான்கைந்து அமர்வு முடிந்ததும் நோயாளி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அறையை விட்டு வந்தபின் இந்த வாரம் எதையாவது வேறு மாதிரி செய்து பார்த்தேனா? ஆம் என்றால், முடிவு எப்படி இருந்தாலும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. வாராவாரம் போய்ப் பேசி, மனம் லேசாகி, பழையபடியே திரும்பி வருகிறோம் என்றால், கிடைப்பது ஆறுதலாக இருக்கலாம், ஆறுதலும் தேவைதான். ஆனால் அதற்கு சி.பி.டி. என்று பெயர் போட்டுக் கட்டணம் வாங்கினால், எனக்கு வேலை எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.